படுக்கையறையிலிருந்து அகற்றப்பட்ட கருவி

எனக்குப் பொறாமை. எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். இதற்கு 'உறவுசார் விழிப்பு நிலை' என்று நாசூக்காகப் பேர் வைக்க நான் ஒன்றும் ஊர் நிர்வாகம் பார்க்கிற கவுன்சில் இல்லை. சுத்தமான, கலப்படமில்லாத, அடிவயிற்றிலிருந்து எரிகிற பொறாமை. யார் மேல் என்று கேட்டால்தான் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஒரு போன் மேல்.

என் பேர் லைல் பென்ரோஸ். போர்ட் டெரிங் துறைமுகத்துக்குப் பக்கத்தில் சைலோ என்கிற பெரிய கோதுமைக் கிடங்கு இருக்கிறதே, அங்கே வருகிற லாரிகளை எடை போடுகிற வேலை. பெண்டாட்டி கொரீன், பள்ளிக்கூடக் கேன்டீனில் இருக்கிறாள். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம். இந்த மூன்று வருஷமாகப் படுத்த உடனே எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனை நோண்டுவாள். அதுகூடப் போகட்டும். சிரிப்பாள். தலையணையில் முகத்தை அமுக்கிக்கொண்டு, கட்டிலே குலுங்குகிற மாதிரி சிரிப்பாள்.

"யாரு அது?" என்பேன்.

"யாருமில்ல. ஃபுட்டி குரூப்பு. தூங்கு."

ஃபுட்டி குரூப் என்பது, எங்கள் நாட்டுக் கால்பந்தில் வாரா வாரம் எந்த டீம் ஜெயிக்கும் என்று ஆளாளுக்கு முன்கூட்டியே சொல்லிப் புள்ளி சேர்க்கும் கூட்டம். ஊரில் பாதிப் பேர் அதில்தான் கிடக்கிறார்கள். நடத்துகிறவன் ராஸ் பாஸ்கோ, பேக்கரிக்காரன். ஆறடி இரண்டங்குலம். மாவு பிசைந்து பிசைந்து தோள் இரண்டும் இப்படி அகலம். ஐம்பத்தொரு வயதில் தலை நிறைய முடி. அவ்வளவு முடியை வைத்துக்கொண்டு அந்த மனுஷன் என்ன செய்யப் போகிறான், எனக்குத் தெரியவில்லை.

நான் சொல்கிற எதற்காவது கொரீன் அப்படிச் சிரித்திருக்கிறாளா என்று யோசித்துப் பார்த்தேன். கடைசியாகச் சிரித்தது நான் கூரைத் தகரம் மாட்டும்போது ஏணியிலிருந்து விழுந்த அன்றைக்கு. அது நான் சொன்ன ஜோக்கே இல்லை.

அதனால் போன மே மாதம் கவுன்சிலிலிருந்து அந்தத் தாள் வந்தபோது ஊரிலேயே அதிகமாகச் சந்தோஷப்பட்டவன் நான்தான். 'இனிய படுக்கையறை இயக்கம். உங்கள் போனை வெளியே அனுப்புங்கள், உறக்கத்தை உள்ளே அழையுங்கள்.' நான் அதைக் குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டினேன். கொரீன் பார்த்தாள். கதவைத் திறந்து பாலை எடுத்துக்கொண்டு போனாள்.

ஊர்ப் பொதுக்கூடமான இன்ஸ்டிடியூட் ஹாலில் தொடக்க விழா. மேயர் கிளென்டா ஆர்ச்சர்ட் மேடை ஏறினார்.

"அன்பான குடிமக்களே, பக்கத்து ஊர் மண்டாராக்காரங்க ராத்திரிக்கு ஏழு மணி நாற்பது நிமிஷம் தூங்குறாங்க. நாம ஆறு மணி ஐம்பத்திரண்டு நிமிஷம். இந்த நாற்பத்தெட்டு நிமிஷத்த நெனச்சு நெனச்சு நான் பதினோரு நாளா கண்ணே மூடல. மாநிலத்துலயே நல்லாத் தூங்குற ஊர்னு அவங்களுக்கு ஒரு கேடயம் குடுத்திருக்காங்க. அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சு, விளக்கு வேற போட்டிருக்காங்க. நான் காரை நிறுத்திப் பாத்தேன். ரெண்டு தடவ பாத்தேன். இது போட்டி இல்ல. ஆனா ஜெயிக்கணும்."

கைதட்டினோம். பின்வரிசையிலிருந்து ஒருத்தர் எழுந்து, "நம்ம தூக்கம் கெடுறது போனாலயா, ராத்திரி முழுக்க சைலோவுக்கு லாரி வர்ற சத்தத்தாலயா?" என்று கேட்டார்.

"நல்ல கேள்வி. ரெண்டையும் ஆராய்ஞ்சோம். சைலோ பெரிசு. போன் சின்னது. அதனால போன்தான்னு முடிவுக்கு வந்தோம்," என்றார் மேயர்.

அடுத்துப் பேசியது நலவாழ்வு மேலாளர் சியன்னா ஹார்ட்விக். இதற்கென்றே அடிலெய்டிலிருந்து வந்தவர். மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு கீழே இறங்கி எங்கள் நடுவில் நடந்தார். "நேத்து கடைசியா யார் முகத்தப் பாத்துட்டுத் தூங்குனீங்க? கட்டுன புருஷன் முகத்தையா, போன் முகத்தையா? போன் கெட்டது இல்ல. அது தப்பான இடத்துல இருக்கு, அவ்வளவுதான்."

நான் எழுந்து நின்று கைதட்டினேன். ஹாலில் எழுந்து நின்றவன் நான் ஒருத்தன்தான். கொரீன் என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

ஏற்பாடு இதுதான். சாயங்காலம் எட்டு மணிக்குள் எல்லோரும் தங்கள் போனை ஹாலில் கொண்டு வந்து ஒப்படைக்க வேண்டும். பழைய நூலக அலமாரிகளில் பலகை அடித்துச் சின்னச் சின்னதாக நானூறு அறை பிரித்திருந்தார்கள். அறைக்கு ஒரு போன், ஒரு சார்ஜர், பேர் எழுதின அட்டை. காலையில் ஆறரையிலிருந்து வரிசையில் நின்று வாங்கிக்கொள்ளலாம்.

முதல் நாள் கொரீனின் போனை நானே கொண்டு போனேன். ஒழிந்தது சனியன் என்று அறைக்குள் தள்ளினேன். அப்போதுதான் பக்கத்து அட்டையைப் பார்த்தேன். அகர வரிசைப்படி அடுக்கியிருந்தார்கள். பென்ரோஸ் கொரீனுக்குப் பக்கத்தில் பாஸ்கோ ராஸ். நடுவில் விரல் தடிமன் பலகை. இரண்டு போனும் ஒரே மாதிரி பச்சை விளக்கை எரியவிட்டுக்கொண்டு அருகருகே படுத்திருந்தன.

சியன்னாவிடம் போனேன். "இந்தப் போனை வேற அறைக்கு மாத்தணும்."

"காரணம்?"

"பக்கத்துல இருக்குற போன் பிடிக்கல."

"யாருக்குப் பிடிக்கல? போனுக்கா?"

"எனக்கு."

அவர் ஒரு படிவம் கொடுத்தார். இடமாற்றத்துக்கான காரணங்கள் நாலு: சூடு, சத்தம், ஈரம், எறும்பு. ஏதாவது ஒன்றில் குறி போட வேண்டும்.

"பொறாமைன்னு ஒண்ணு இல்லையே இதுல?"

"மண்டாரா கவுன்சில் படிவத்துலயும் அது இல்ல லைல். வாங்கிப் பாத்துட்டோம்," என்றார் சியன்னா, ரொம்பக் கனிவாக.

எறும்பில் குறி போட்டேன். மறுநாள் கவுன்சில் ஆட்கள் இரண்டு பேர் வந்து அரைநாள் எறும்பு தேடினார்கள். கிடைக்கவில்லை. கிடைக்காத எறும்புக்கு மருந்தடித்துவிட்டுப் போனார்கள். நாலு நாளைக்கு ஊரில் எவன் போனைக் காதில் வைத்தாலும் மருந்து வாடை. அந்த இரண்டு போனும் இருந்த இடத்தில் அப்படியே இருந்தன.

சரி, பக்கத்தில் படுத்தால் படுத்துத் தொலையட்டும், பெண்டாட்டி என் பக்கத்தில்தானே இருக்கிறாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அங்கேயும் மண் விழுந்தது. மூன்று தடவை எழுப்பினால்தான் எழுந்திருக்கிற கொரீன், இப்போது ஆறு மணிக்கு அலாரம் இல்லாமலே எழுந்தாள். தலை வாரினாள். கண்ணாடி முன்னால் நின்று லிப்ஸ்டிக் போட்டாள்.

"போன் எடுக்கப் போறதுக்கு எதுக்கு லிப்ஸ்டிக்?"

"குளிர்ல உதடு வெடிக்குது."

"சிவப்பாவா வெடிக்குது?"

கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். ஹாலுக்கு நடந்தே ஐந்து நிமிஷம். திரும்பி வந்தது எட்டேகாலுக்கு. கழுத்துத் துணியில் பேஸ்ட்டி துணுக்கு ஒட்டியிருந்தது. விசாரித்தேன். பாஸ்கோ தினமும் காலையில் ஒரு தட்டு நிறையச் மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட பேஸ்ட்டியைச் சுடச்சுடக் கொண்டு வந்து வரிசையில் நிற்கிறவர்களுக்குக் கொடுக்கிறானாம். போன் கிடைக்காத நேரத்தில் ஃபுட்டி குரூப் முழுக்க நேரிலேயே கூடிவிடுகிறதாம். முன்பு என் கட்டிலில் முதுகைக் காட்டிச் சிரித்தவள், இப்போது ஊர் நடுவில் முகத்தைக் காட்டிச் சிரிக்கிறாள். கவுன்சிலுக்கு நல்ல புண்ணியம்.

மறுநாள் நானும் கூடவே போனேன். வாசலில் சியன்னா கையை நீட்டி மறித்தார்.

"போன் வச்சிருக்கவங்க மட்டும்தான் உள்ள வரலாம் லைல்."

சட்டைப்பையிலிருந்து என் பட்டன் போனை எடுத்துக் காட்டினேன். பதினோரு வருஷம் உழைத்த போன்.

"இது எங்க பட்டியல்ல வராது. இதோட நீங்க தாராளமா படுத்துக்கலாம்."

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பாஸ்கோ ஏதோ சொன்னான். கொரீன் ஒரு கையில் பேஸ்ட்டியோடு இன்னொரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். நான் நேரே கடைத்தெருவுக்குப் போய் ஒரு ஸ்மார்ட்போன் வாங்கினேன். வாழ்க்கையில் முதல் ஸ்மார்ட்போன், வீட்டுக்குள் கொண்டு வரக் கூடாது என்பதற்காகவே வாங்கினேன். அன்று சாயங்காலமே ஒப்படைத்தேன்.

நானூறு அறையும் நிரம்பிவிட்டதால் எனக்கு நானூற்றுப் பன்னிரண்டு கொடுத்தார்கள். அது ஹாலின் பின்புறம், கழிப்பறைக்கு அடுத்த சேமிப்பறையில். அதற்குத் தனி வரிசை. அந்த வரிசையில் காலையில் நான் மட்டும்தான் நின்றேன். அங்கே பேஸ்ட்டி வராது. கழிப்பறைக்குப் போகிறவர்கள் மட்டும், "என்ன லைல், க்யூ நீளமா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

ஜூன் மாதம் சோதனை ஆரம்பித்தது. போனை ஒப்படைத்துவிட்டு வேறு போனை ஒளித்து வைத்துக்கொள்கிறார்கள் என்று புகாராம். படுக்கையறை இன்ஸ்பெக்டர் என்று புதிதாக ஒரு பதவி. அதற்கு யாரைப் போட்டார்கள் என்கிறீர்கள்? டெரி நான்கிவெல்லை. பதினோரு வருஷமாக எங்கள் குப்பைத்தொட்டி மூடியைத் திறந்து பார்த்தவன். மறுசுழற்சிக்கான மஞ்சள் மூடித் தொட்டியில் தப்பான சாமான் கிடந்தால் தபால்பெட்டியில் அழுமூஞ்சி அட்டை மாட்டுவான். ஒழுங்காக இருந்தால் சிரிமூஞ்சி. படுக்கையறைக்கும் அதே அட்டைகள்தான். அச்சடித்தது நிறைய மிச்சம் இருந்ததாம்.

டெரி ஆரஞ்சுச் சட்டை, கையுறை, நீளக் கிடுக்கி எல்லாவற்றோடும் வந்து கட்டிலருகே நின்றான். பழக்க தோஷம், என் தலையணையைக் கிடுக்கியால் தூக்கிப் பார்த்தான்.

"உன் மஞ்சள் தொட்டி எப்பவும் சுத்தமா இருக்கும் லைல். அந்த நம்பிக்கையிலதான் உன் வீட்டுக்கு மொதல்ல வந்தேன்."

"டெரி, நீ குப்பை பாக்குறவன். படுக்கையறையைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

"ரெண்டும் ஒண்ணுதான் மேட். எது எங்க இருக்கணுமோ அது அங்க இருக்கணும். பயிற்சில இதைத்தான் சொல்லிக் குடுத்தாங்க. ரெண்டு நாள் பயிற்சி, மதியச் சாப்பாட்டோட."

கட்டிலுக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு பெட்டியை வைத்தான். மூன்று ராத்திரி இருக்குமாம். வெளிச்சம், சத்தம், அதிர்வு, சூடு எல்லாவற்றையும் அளக்குமாம். "கவன ஈர்ப்பையும் எண்ணும்," என்றான். "அதாவது தூங்குறவங்கள எத்தனை தடவ ஒரு சாமான் கூப்பிடுதுன்னு." இதற்கெல்லாம் கொரீன் எங்கோ கையெழுத்துப் போட்டிருந்தாள். எங்கள் அறையில்தான் போனே இல்லையே, வைத்துக்கொள் என்று விட்டுவிட்டேன்.

நாலாம் நாள் காலையில் எங்கள் தபால்பெட்டியில் அழுமூஞ்சி தொங்கியது. ஒன்றில்லை, மூன்று. தெருக்கோடியில் பாஸ்கோ வீட்டுத் தபால்பெட்டியில் மூன்று சிரிமூஞ்சி வரிசையாகத் தொங்கின. அவன் ஒண்டிக்கட்டை. பெண்டாட்டி விவாகரத்து வாங்கிக்கொண்டு போய் ஆறு வருஷமாகிறது. தனியாகப் படுக்கிறவனுக்குச் சிரிமூஞ்சி கொடுப்பது என்ன நியாயம்? நான் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அந்த அட்டைகளை எண்ணினேன். குறையவே இல்லை.

மூன்று அழுமூஞ்சி வாங்கினால் விசாரணை. கவுன்சில் கூடத்தில், காலை பத்து மணிக்கு. நீளமான மேஜைக்குப் பின்னால் மேயர், சியன்னா, டெரி. நாலாவது நாற்காலியில், சமூகப் பிரதிநிதி, 'முன்மாதிரி உறங்குநர்' என்று பேர்ப்பலகை வைத்துக்கொண்டு யார் உட்கார்ந்திருக்கிறான்? பாஸ்கோ. மேஜையில் ஒரு தட்டு பேஸ்ட்டி வேறு. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. கொரீன் என் பக்கத்து நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சியன்னா அறிக்கையை எடுத்தார். "பென்ரோஸ் படுக்கையறை. போன், பூஜ்யம். வெளிச்சம், பூஜ்யம். ஆனா அறைக்குள்ள பதிவு செய்யப்படாத ஒரு கருவி இருக்குறது உறுதியாகுது. சத்தம், ஓடுற புல்வெட்டி அளவுக்கு. அதிர்வு, ராத்திரிக்கு நாற்பது தடவ. சூடு, முப்பத்தேழு டிகிரி, விடிய விடிய. கவன ஈர்ப்பு, மொத நாள் பதினொண்ணு, ரெண்டாம் நாள் பதினாலு, மூணாம் நாள் பதினேழு."

"நாங்க எதையும் ஒளிச்சு வைக்கல," என்றேன்.

"கவன ஈர்ப்போட எழுத்து வடிவம் இருக்கு. வாசிக்கிறேன்." கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "ஒன்பது நாற்பத்திரண்டு: 'என்ன நெனச்சுச் சிரிச்ச?' ஒன்பது நாற்பத்து நாலு: 'சிரிக்கல, சரி. சிரிக்கணும்னு தோணுச்சா?' ஒன்பது ஐம்பத்தொண்ணு: 'காலைல க்யூவுல யாரு பக்கத்துல நின்ன?' பத்து ஏழு: 'தூங்கிட்டியா?' பத்து எட்டு: 'தூங்கிட்டியான்னு கேட்டேன்.' பத்து முப்பத்தஞ்சு: 'அவனுக்கு அது சொந்த முடிதானா?'"

பாஸ்கோ தன்னையறியாமல் தலையைத் தடவிக்கொண்டான். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை, எல்லோரும் குனிந்து குறிப்பு எழுதினார்கள்.

"விதி நாலு, உட்பிரிவு இரண்டு," என்றார் சியன்னா. "ஒளி, ஒலி, அதிர்வு, வெப்பம், இதுல ஏதாவது மூணை வெளியிட்டு, உறங்குபவரோட கவனத்தைத் திரும்பத் திரும்பக் கோருற எதுவும் கருவி."

மேயர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இவர் வெளிச்சம் விடலையே?"

"மூணு போதும் கிளென்டா."

"நான் மனுஷன்யா!" என்று கத்தினேன்.

"படிவத்துல அது கேக்கப்படல லைல்," என்றார் சியன்னா. அதே கனிவு.

"எது எங்க இருக்கணுமோ," என்று டெரி ஆரம்பித்தான்.

"நீ சும்மா இருடா! இவனைக் கேளுங்க!" நான் பாஸ்கோவைக் காட்டினேன். எழுந்தே விட்டேன். "மூணு வருஷமா என் பெண்டாட்டி என் கட்டில்ல படுத்துக்கிட்டு இவன்கூடச் சிரிக்கிறா. இவனை எந்தப் பட்டியல்ல சேப்பீங்க?"

பாஸ்கோ வாயில் இருந்ததை விழுங்கினான். "எங்கூடவா? யோவ் லைல், என்னைப் பாத்துச் சிரிக்கிறாங்கய்யா. மூணு சீசனா நான்தான் கடைசி இடம். குரூப்பை நடத்துறவனே கடைசி. கடைசி ஆளுக்கு மரக்கரண்டின்னு ஒண்ணு இருக்குல்ல, உன் பெண்டாட்டி வாரா வாரம் என் பேருக்குக் கீழ ஒரு கரண்டிப் படம் போடுறா. ஒரு வாரம் கரண்டிக்கு என் முடியை ஒட்டிப் போட்டா. ஊரே சிரிச்சுது. நான் அவங்களுக்கு பேஸ்ட்டி குடுக்குறதே, நேர்லயாவது கொஞ்சம் சும்மா இருக்கட்டுமேன்னுதான்."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். மேயர் கொரீன் பக்கம் திரும்பினார். "இந்தக் கருவியை அகற்ற உங்களுக்கு ஆட்சேபணை உண்டா?"

இல்லை என்று சொல்லிவிடுவாளோ என்று பயம் எனக்கு. கொரீன் கைப்பையை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

"மூணு வருஷமா இவனை அந்தக் குரூப்புக்கு வா வான்னு கூப்பிட்டேன். முட்டாப்பசங்க வேலைன்னான். பகல் முழுக்க எங்கிட்ட நாலு வார்த்தை பேச மாட்டான். விளக்கை அணைச்சதும் போலீஸ் விசாரணை. போன் போச்சுன்னா பேசுவான்னு நெனச்சுத்தான் நானும் குடுத்தேன். விசாரணைதான் கூடுச்சு." என்னைப் பார்த்தாள். அழுதுவிடுவாளோ என்று நினைத்தேன், அழவில்லை. "அகற்றுங்க. அறுபது நாள்னு எழுதிக்கோங்க."

அறுபது நாள் என்று எழுதிக்கொண்டார்கள். அகற்றப்பட்ட கருவியை நானூற்று முப்பதாவது அறையில் வைக்க முடியுமா என்று டெரி அளவுநாடாவை எடுத்தான். சியன்னா, எங்கள் வீட்டிலேயே சேமித்து வைக்க விசேஷ அனுமதி கொடுத்தார். அதாவது கொல்லையில் இருக்கிற ஷெட்.

எழுந்து போகிற நேரத்தில் மேயர் இன்னொரு தீர்மானத்தை வாசித்தார். "மாநிலக் குழு வருது. நம்ம ஜனங்க நல்லாத் தூங்குறாங்கன்னு எண்ணிக்கையோட காட்டணும். போன் இல்லாத அறையில ஒருத்தர் தூங்குனார்ங்கறதுக்கு என்ன ஆதாரம்? அதனால தூக்கத்தை அளக்குற கவுன்சில் ஆப் ஒண்ணு தயார் பண்ணியிருக்கோம். இன்னையிலேருந்து எல்லாரும் போனை வீட்டுக்குக் கொண்டு போய், தலையணைக்குப் பக்கத்துல வச்சுக்கணும். கட்டாயம்."

அன்று சாயங்காலம் ஊரே ஹாலுக்கு வந்து போனை வாங்கிக்கொண்டு படுக்கையறைக்குப் போனது. கொரீனின் போன் கட்டிலில் என் பக்கத்துத் தலையணையில் ஏறிப் படுத்தது. நான் மடிப்புக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். மூன்று வருஷப் பொறாமைக்குக் கிடைத்த சம்பளம்.

எங்கள் பக்கம் ஜூலைதான் நடுக்குளிர். அந்தக் குளிரில் தகரக் கொட்டகை எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பெயின்ட் டப்பா, புல்வெட்டி, கிழிந்த கூடாரம், நான், நானூற்றுப் பன்னிரண்டாம் அறையிலிருந்து திரும்பி வந்த என் புதுப் போன். ஆறடி தள்ளிப் படுக்கையறை ஜன்னல். ஒரு வாரம் வீம்பாகக் கிடந்தேன். எட்டாவது நாள் வேறு வழியில்லாமல் ஃபுட்டி குரூப்பில் சேர்ந்தேன். பிறகு ஒற்றை விரலால் குத்திக் குத்திக் கொரீனுக்கு ஒன்று எழுதினேன்.

'இங்க என் பக்கத்துல புல்வெட்டி படுத்திருக்கு. தூங்கிட்டியான்னு கேட்டேன். பதில் இல்ல. யாரையோ நெனச்சுக்கிட்டிருக்குன்னு சந்தேகமா இருக்கு.'

அனுப்பிவிட்டு விழித்துக்கொண்டு கிடந்தேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் முதலில் ஒரு மூக்கு உறிஞ்சல். அப்புறம் அந்தச் சிரிப்பு. கட்டில் குலுங்குகிற சிரிப்பு. கால் சில்லிட்டிருந்தது, ஆனால் எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

அடுத்த நாளும் எழுதினேன். புல்வெட்டி லிப்ஸ்டிக் போட்டுக்கொண்டு கிளம்பியதாக எழுதினேன். பெயின்ட் டப்பாவின்மேல் டெரி அழுமூஞ்சி மாட்டியதாக எழுதினேன். பாஸ்கோவுக்கு நானே ஒரு மரக்கரண்டி படம் போட்டேன், அந்த வாரம் எனக்கும் அவனுக்கும் கடைசி இடத்துக்குப் போட்டி என்பது வேறு விஷயம். தினமும் ஒன்று. தினமும் ஜன்னலிலிருந்து சிரிப்பு. பகலில் சமையலறையில் பார்த்தால் கொரீன் என்னைக் கடைக்கண்ணால் பார்த்துவிட்டுத் தேநீர் ஊற்றுவாள். அவளிடம் நேரில் என்ன பேசுவது என்று அப்போதும் எனக்குத் தெரியவில்லை.

அறுபது நாளும் முடிந்தது. போர்ட் டெரிங்கின் தூக்கம் ஏழு மணி நாற்பத்து மூன்று நிமிஷம். கேடயம் வந்துவிட்டது. மேயர் அதற்குக் கண்ணாடிப் பெட்டி செய்து, மண்டாராவில் ஒரு விளக்குதான் என்று இங்கே நாலு விளக்குப் போட்டார். டெரி என் ஷெட் கதவில் சிரிமூஞ்சி அட்டையை மாட்டிவிட்டு, 'முன்னாள் கருவி' என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டான். நான் குளித்து, முகம் மழித்து, தலையணையை இடுக்கிக்கொண்டு கட்டிலுக்குத் திரும்பினேன்.

கொரீன் முதுகைக் காட்டவில்லை. மல்லாந்து படுத்துக்கொண்டு போனை நெஞ்சுமேல் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன பார்க்கிறாய் என்று கேட்க வந்த நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவளே சொன்னாள்.

"ஒண்ணுமில்ல. இந்நேரத்துக்கு ஷெட்டுலேருந்து ஒண்ணு வரும். பழகிப்போச்சு."

"அதான் நான் இங்கயே இருக்கேனே."

"தெரியுது," என்றாள்.

ஏதாவது வேடிக்கையாகச் சொல்ல வேண்டும். புல்வெட்டியைப் பற்றி, டெரியைப் பற்றி, எத்தனையோ இருந்தது. வாயைத் திறந்தேன்.

"தூங்கிட்டியா?" என்றுதான் வந்தது.

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். பெருமூச்சுக்கூட விடவில்லை, வெறுமனே கவிழ்த்து வைத்தாள். அவள் காத்திருந்தது எனக்காக இல்லை, ஷெட்டில் இருக்கிற அவனுக்காக. நான் எழுந்தேன். தலையணையை எடுத்தேன். கவுன்சில் இல்லை, விதி இல்லை, யாரும் சொல்லவில்லை, நானாகவே கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு போய் மடிப்புக் கட்டிலை விரித்துப் படுத்தேன். குத்திக் குத்தி எழுதினேன்.

'உன் புருஷன் தூங்கிட்டானா?'

ஜன்னலிலிருந்து அந்தச் சிரிப்பு வந்தது. முன்னெப்போதையும்விடப் பெரிதாக வந்தது. பத்தொன்பது வருஷத்தில் என்னால் முடியாததை இரண்டே மாதத்தில் சாதித்துவிட்டான், ஷெட்டில் படுத்திருக்கிற இந்தப் பயல். அவனை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

போன் அதிர்ந்தது. கொரீன் எழுதியிருந்தாள்.

'யாரு அது?'

போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு பதில் எழுதினேன்.

'யாருமில்ல. ஃபுட்டி குரூப்பு. தூங்கு.'